நாய்களுக்காக உழைக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சின்ன வயதிலிருந்து தெருநாய்க்குச் சோறு வைத்தவர்கள், குட்டியைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் திட்டு வாங்கியவர்கள், படிப்பு முடிந்தோ பாதி வயதிலோ ஒருநாள் காப்பகத்துக்கு வந்து நிற்பார்கள். "இதையே வேலையாக வச்சுக்க முடியுமா?" என்று கேட்பார்கள். தெருநாய்க் காப்பகத்தில் வேலை பார்க்கும் என்னிடம் அவர்கள் கேட்பவற்றையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து.

நாய் என்றால் எனக்கு உயிர். அது போதுமா?

பாசம் இல்லாதவர் இந்த வேலையில் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டார். அதனால் பாசம் வேண்டும். ஆனால் காப்பகத்துக்கு வரும் நாய் உங்கள் பாசத்தைத் தேடி வருவதில்லை. அடிபட்டு, பசித்து, பயந்துபோய் வருகிறது. கையை நீட்டினால் உறுமும். ஓடிப்போய் அணைத்துக்கொள்ள மனம் துடிக்கும். அதை அடக்கிக்கொண்டு, தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு, அது தானாக எழுந்து வரும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு சும்மா உட்காரத் தெரிய வேண்டும். இதைச் செய்ய முடிகிறவர்கள்தான் நிலைத்து நிற்கிறார்கள்.

மருத்துவமோ, பயிற்சியோ, முடி வெட்டிக் குளிப்பாட்டும் வேலையோ, எதை எடுத்தாலும் நாயைக் கவனித்துப் பார்க்கத் தெரிவதுதான் அடிப்படை. அதற்கு வாயில்லை. நேற்று முழுக் கிண்ணம் சாப்பிட்டது இன்று பாதியில் நிறுத்திவிட்டது என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கால்நடை மருத்துவம் படித்தால்தான் நாய்களுக்கு உதவ முடியுமா?

இல்லை. ஆனால் உங்களுக்குப் பதினேழு, பதினெட்டு வயதுதான், மதிப்பெண்ணும் வரும் என்றால் முதலில் அந்தக் கதவைத்தான் தட்டச் சொல்வேன். படிப்பின் பெயர் பி.வி.எஸ்சி. அண்ட் ஏ.ஹெச். மொத்தம் ஐந்தரை ஆண்டுகள், அதில் கடைசி ஓர் ஆண்டு உள்ளிருப்புப் பயிற்சி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நடத்துகிறது. 1903இல் தொடங்கிய சென்னைக் கல்லூரிதான் மூத்தது. வேப்பேரி என்றாலே அதுதான். நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும், பின்னால் வந்த தலைவாசல், வீரபாண்டி, உடுமலைப்பேட்டையிலும் கல்லூரிகள் இருக்கின்றன.

பலருக்கும் தெரியாத ஒன்று: மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான். உயிரியலுக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100, ஆக 200க்குக் கட் ஆஃப் போடுகிறார்கள். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்குத்தான் நீட். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. போட்டி கடுமையானது, கட் ஆஃப் மிக உயரத்தில் நிற்கும்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு சேருங்கள். அந்த ஐந்தரை ஆண்டில் மாடு, ஆடு, கோழி, பன்றி எல்லாம் படிக்க வேண்டும். மாட்டின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட வேண்டியிருக்கும். நாய் மட்டும்தான் என்று பிடிவாதமாக இருந்தால் பாதியில் சோர்ந்துவிடுவீர்கள். முதுநிலையில் அறுவை சிகிச்சையோ மருத்துவமோ எடுத்தால் அப்புறம் நாய், பூனை பக்கம் முழுதாகத் திரும்பலாம்.

டாக்டர் ஆகாமல் சிகிச்சைப் பக்கத்தில் வேலை செய்ய முடியுமா?

முடியும். தனியார் கிளினிக்குகளுக்கு நாயைப் பிடிக்கத் தெரிந்த, கட்டுப் போடத் தெரிந்த உதவியாளர்கள் எப்போதும் தேவை. அரசில் கால்நடைப் பராமரிப்புத் துறையில் கால்நடை ஆய்வாளர், கால்நடைப் பராமரிப்பு உதவியாளர் என்ற பணியிடங்கள் உண்டு, ஆனால் அங்கே பெரும்பாலும் மாடும் ஆடும்தான் வரும்.

எல்லைக்கோடு எங்கே என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவர்தான் சிகிச்சை முடிவெடுக்கலாம். உதவியாளர் அவர் சொன்னபடி செய்பவர். காப்பகத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டால் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு தைரியம் வந்துவிடுகிறது. அந்தத் தைரியத்தில், காய்ச்சலாக இருக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுக்கிறார்கள். அளவு மீறினால் அது நாயின் ஈரலைக் கெடுக்கும். பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கும்.

காப்பகத்தில் ஒருநாள் எப்படிப் போகும்?

கழுவுவதில் தொடங்கும். காலையில் கேட்டைத் திறந்ததும் மூக்கு முதலில் வேலை செய்யும். எந்தக் கூண்டில் கழிச்சல், எதில் ரத்தம் கலந்திருக்கிறது, எந்த நாய் ராத்திரி வாந்தி எடுத்திருக்கிறது என்று தண்ணீர் ஊற்றும் முன் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். டாக்டர் வந்ததும் முதலில் கேட்பது அதைத்தான். அவசரப்பட்டுக் கழுவிவிட்டால் அந்தத் தகவல் சாக்கடையில் போய்விடும்.

குட்டிகள் இருக்கும் பக்கம் இன்னும் கவனம். பார்வோ என்ற வைரஸ் தரையிலும் கிண்ணத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாசனையான பினாயில் ஊற்றித் துடைத்தால் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறோம், ஆனால் பார்வோ அதற்குச் சாகாது. பிளீச்சிங் கரைசல் வேண்டும். அதுவும் மலத்தின் மேலேயே ஊற்றினால் வேலை செய்யாது. முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு கரைசல் ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். நோய்க் கூண்டைக் கழுவியவர் அதே செருப்போடு குட்டிகளிடம் போகக் கூடாது. இதை ஒழுங்காகச் செய்யும் ஓர் அண்ணன் எங்கள் இடத்தில் இருக்கிறார். எந்தப் பட்டமும் கிடையாது. அவர் கழுவும் வரிசையில் குட்டிகள் பிழைக்கின்றன.

மழைக்காலம் வந்தால் புழுப் புண். ஈ முட்டையிட்டு, சின்னக் கீறல் இரண்டு மூன்று நாளில் ஓட்டையாகிவிடும். காதுக்குப் பின்னால், வால் அடியில், நாயால் நக்க முடியாத இடங்களில் அதிகம். வாடை வைத்தே கண்டுபிடிக்கலாம். வாயைக் கட்டி, சுற்றியுள்ள முடியை மழித்து, டாக்டர் சொல்லும் மருந்தை விட்டதும் புழுக்கள் மேலே வரும். ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுக்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் தீர்ந்துவிட்ட மாதிரி இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டை பக்கவாட்டில் தோலுக்கடியில் போயிருக்கும், அங்கே இன்னொரு கூட்டம். மறுநாளும் பார்க்க வேண்டும், அதற்கு மறுநாளும். முதல்முறை பார்ப்பவர்கள் வெளியே போய் வாந்தி எடுப்பார்கள். பரவாயில்லை, முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்தால் சரி.

அப்புறம்தான் சோறு, மருந்து, கட்டு, தத்தெடுக்க வருபவர்களோடு பேச்சு. நாயோடு விளையாடும் நேரம் சாயங்காலம் கொஞ்சம் கிடைக்கும்.

ஏ.பி.சி. என்கிறார்களே, அது என்ன வேலை?

தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் திட்டம். சென்னையின் புளூ கிராஸ் விலங்கு நல அமைப்புதான் கொன்று குவிப்பதற்கு மாற்றாக இதைப் பல ஆண்டுகள் வலியுறுத்தியது. 1996இல் சென்னை மாநகராட்சி கொல்வதை விட்டு இந்த வழிக்கு வந்தது. 2001இல் மத்திய அரசு விதிகளாக்கியது. இப்போது நடைமுறையில் இருப்பவை 2023ஆம் ஆண்டின் விதிகள்.

நாய்களுக்கு அதிகம் பேருக்குத் தெரியாமல் அதிக நன்மை செய்யும் வேலை இதுதான் என்பது என் எண்ணம். ஒரு பெட்டை ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும், சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஓர் ஈற்றில் பிறக்கும் குட்டிகளில் பாதிக்கு மேல் டயரடியிலும் பார்வோவிலும் போவதைத் தெருவில் பார்த்தவர்களுக்கு, ஓர் அறுவை சிகிச்சை எவ்வளவு துன்பத்தைத் தடுக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

இதில் மருத்துவர் தவிர, நாய் பிடிப்பவர், ஓட்டுநர், அறுவைக்குப் பின் கவனிப்பவர், பதிவேடு எழுதுபவர் எல்லோரும் வேண்டும். நாய் பிடிப்பதைக் கேவலமான வேலை என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். வலையைச் சரியாக வீசி, நாய் மூச்சுத் திணறாமல், நகம் பிய்யாமல் வண்டியில் ஏற்றுவது பெரிய கைத்திறன். மோசமாகப் பிடிக்கப்பட்ட நாய் அடுத்த முறை மனிதரைக் கண்டாலே கடிக்கும். பதிவேடும் அப்படித்தான். எந்தத் தெரு, எந்தக் கம்பத்தடி என்று எழுதத் தவறினால் நாய் தெரியாத இடத்தில் இறக்கப்பட்டு, அங்கிருக்கும் நாய்களிடம் கடிபட்டே சாகும். காதில் சின்னதாக வெட்டு அடையாளம் இருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம்.

நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பிறகு இந்த வேலைக்கு எதிர்காலம் இருக்கிறதா?

2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லிப் பகுதித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவை, ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தால் அதே இடத்தில் விடலாம். வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் விதிவிலக்கு. உணவு வைக்கத் தனி இடங்கள் ஒதுக்க வேண்டும் என்றது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் உள்ள நாய்களைக் காப்பகத்துக்கு மாற்றச் சொன்னது. உங்களுக்கு இந்த உத்தரவுகளில் உடன்பாடு இருக்கலாம், இல்லாமல் போகலாம். எப்படிப் பார்த்தாலும் காப்பகம், கருத்தடை, தடுப்பூசி மூன்றுக்கும் தேர்ந்த ஆட்கள் வேண்டும். ஆளில்லாமல் கட்டடம் மட்டும் எழுப்பினால் கஷ்டப்படப்போவது அதற்குள் அடைபடும் நாய்கள்தான்.

நாய் கடித்துவிட்டால்? வெறிநோய் பயமாக இருக்கிறதே.

பயம் இருக்கட்டும், அது நல்லது. வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் மருந்தில்லை. ஆனால் முன்கூட்டித் தடுக்க முழு வழி இருக்கிறது. வேலையில் சேரும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்: முதல் நாள், 7ஆம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள். இதைப் போடாமல் உங்களைக் கூண்டுக்குள் அனுப்பும் காப்பகத்தில் சேராதீர்கள்.

கடித்தாலோ பல் கீறினாலோ உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து நிமிடம் நினைப்பதைவிட நீளமானது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்க வேண்டாம். நேராக மருத்துவமனை. முன்பே தடுப்பூசி போட்டவர்களுக்கு அன்றும் மூன்றாம் நாளும் இரண்டு ஊசி போதும். போடாதவர்களுக்கு, ரத்தம் வருகிற காயமென்றால் காயத்தைச் சுற்றி, உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தையும் போட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். "பல்லு லேசாப் பட்டுச்சு, அவ்ளோதான்" என்று விட்டுவிடும் பழக்கம் அனுபவசாலிகளிடம்தான் அதிகம்.

எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாகவும் வரும். கழுவும்போது கையுறையும் பூட்ஸும் கட்டாயம்.

நாய்ப் பயிற்சியாளர் ஆக என்ன படிக்க வேண்டும்?

இதற்கென்று அரசு உரிமம் எதுவும் நம் நாட்டில் கட்டாயமில்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம், மாட்டிக்கொள்கிறார்கள். கழுத்தை இறுக்கும் சங்கிலியும் குச்சியும் வைத்துப் பத்து நாளில் நாயை அடக்கிக் காட்டுவார்கள். அந்த நாய் கற்றுக்கொண்டது பயத்தை. பயந்த நாய் உறுமுவதை நிறுத்திவிட்டு, ஒருநாள் முன்னறிவிப்பே இல்லாமல் கடிக்கும். நான் இந்த விஷயத்தில் சமரசமே செய்வதில்லை: தீனியும் பொறுமையும் வைத்துச் சொல்லிக்கொடுப்பவரிடம் மட்டும் போய்ப் பழகுங்கள்.

நாயின் உடலைப் படிப்பதுதான் முதல் பாடம். வாலாட்டினால் சந்தோஷம் என்று குழந்தையிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். வாலைத் தூக்கி விறைப்பாக வைத்து, நுனியை மட்டும் ஆட்டிக்கொண்டு, உடம்பு அசையாமல் நிற்கும் நாய் சந்தோஷத்தில் இல்லை. சாப்பாடு எதுவும் இல்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் "போதும், தள்ளிப் போ" என்பதற்கான அடையாளங்கள். தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து அங்கிருக்கும் நாய்களைப் பாருங்கள். புது நாய் ஒன்று எல்லைக்குள் வரும்போது யார் முதலில் எழுகிறது, யார் வளைந்து பக்கவாட்டில் வருகிறது, யார் தரையை மோப்பம் பிடிக்கிற மாதிரி நடிக்கிறது என்று பார்த்தாலே பாதிப் பாடம் கிடைக்கும்.

மீதிப் பாதி மனிதர்கள். பயிற்சி என்பது பெரும்பாலும் வீட்டுக்காரருக்குத்தான். "எங்க பையன் கடிக்கவே மாட்டான் சார்" என்று சொல்லும் அம்மாவிடம், அவர் மனம் நோகாமல், பேரப்பிள்ளையைச் சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் விடாதீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

போலீஸ், ராணுவ நாய்களோடு வேலை செய்ய ஆசை.

போலீஸ் துப்பறியும் நாய்ப் பிரிவில் நாயை நடத்துபவர் ஒரு போலீஸ்காரர். முதலில் காவலர் தேர்வு எழுதித் தேறி, பிறகு அந்தப் பிரிவுக்குப் போக வேண்டும். ராணுவத்தில், அதன் குதிரை, நாய் போன்ற விலங்குகளைக் கவனிக்கும் ரிமவுண்ட் கால்நடை மருத்துவப் படைப் பிரிவு இதைப் பார்க்கிறது, அதன் பயிற்சி மையம் மீரட்டில் இருக்கிறது. எல்லைப் பாதுகாப்புப் படைக்கு குவாலியர் அருகே தேகன்பூரில் நாய்ப் பயிற்சி மையம் உண்டு. நேரடியாக நாய் வேலைக்கு என்று சேரும் வழி குறைவு.

குளிப்பாட்டுவது, போர்டிங் (வெளியூர் போகிறவர்களின் நாயைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்வது) இதிலெல்லாம் வருமானம் வருமா? காப்பகத்தில் சம்பளம் எப்படி?

பணம் வீட்டு நாய்கள் பக்கம் இருக்கிறது, தேவை தெருநாய்கள் பக்கம் இருக்கிறது. இதை மறைத்துப் பேசுவது உங்களுக்கு நல்லதில்லை. காப்பகங்கள் நன்கொடையில் ஓடுபவை. சம்பளம் குறைவு, சில மாதங்களில் தாமதமாகவும் வரும். எனக்குத் தெரிந்த பலர் வாரத்தில் பாதி நாள் வீட்டு நாய்களுக்கு வேலை செய்து சம்பாதித்து, மீதி நாளைக் காப்பகத்துக்குக் கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு அது.

குளிப்பாட்டி முடிவெட்டும் வேலையை அழகுக்கான வேலை என்று மட்டும் நினைக்காதீர்கள். விரலிடுக்கில் உண்ணி, காதுக்குள் சீழ், முடிக்கடியில் தொடங்கும் கட்டி, இதையெல்லாம் வீட்டுக்காரருக்கு முன்பே பார்ப்பவர் நீங்கள்தான். ஈறு வெளுத்திருப்பதைப் பார்த்து, "இன்னைக்குக் குளிக்க வேண்டாம், முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று அனுப்பிய ஒருவரால் உண்ணிக் காய்ச்சலிலிருந்து பிழைத்த லாப்ரடாரை எனக்குத் தெரியும். அன்றைய கூலியை அவர் இழந்தார். அந்த வீட்டுக்காரர் அப்புறம் வேறு யாரிடமும் போவதில்லை.

போர்டிங்குக்குத் தீபாவளி, பொங்கல், மே மாத விடுமுறை மூன்றும் உச்சம். உங்கள் வீட்டில் அந்த நாட்களில் பண்டிகை இருக்காது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். வெடிச் சத்தத்தில் மிரண்ட நாய் ஆறடிச் சுவரைத் தாண்டும். இரட்டைக் கதவு இல்லாமல் போர்டிங் தொடங்கவே கூடாது. தடுப்பூசி அட்டை பார்க்காமல் எந்த நாயையும் உள்ளே விடாதீர்கள், சொந்தக்காரர் நாயாக இருந்தாலும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி நாட்டு இனங்களை வளர்த்துக் குட்டி விற்கலாமா?

கன்னி, கோம்பை உட்பட நம் இனங்கள் அழியக் கூடாது என்ற அக்கறை எனக்கும் உண்டு. 2017ஆம் ஆண்டின் விதிகள்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், எட்டு வயதுக்கு மேல் கூடாது, ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. இவற்றை முழுதாகக் கடைப்பிடித்தால் லாபம் மிகக் குறைவு. லாபத்துக்காகத் தொடங்கியவர்கள் முதலில் வெட்டுவது இந்த விதிகளைத்தான். ஓய்ந்துபோன பெட்டைகள் அப்புறம் எங்கள் வாசலில் கட்டப்பட்டிருக்கும். நாய்க்கு உதவும் தொழில் வேண்டும் என்று கேட்பவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

சாவைப் பார்க்க என்னால் முடியாது.

யாராலும் எளிதாக முடியாது. டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோய் முற்றி, கால் வெட்டி வெட்டி இழுக்க, கண்மூடித் தூங்கக்கூட முடியாத குட்டிக்கு மருத்துவர் கருணைக்கொலை முடிவெடுப்பார். அப்போது அதன் தலையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். பழகிய குரல் அருகில் இருந்தால் அதன் உடம்பு தளர்வதைக் கையில் உணரலாம். அழுதுகொண்டே செய்பவர்கள் இருக்கிறார்கள், அதில் குறை ஒன்றுமில்லை.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எல்லா நாயையும் நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று ராத்திரி இரண்டு மணிக்கும் போனை எடுத்து, வீட்டில் அளவுக்கு மீறிச் சேர்த்து, கடனாகி, உடம்பு கெட்டு, ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிப்போனவர்கள் உண்டு. அதன்பின் அந்த நாய்களுக்கு யாருமில்லை. வார விடுமுறை எடுங்கள். இடமில்லை என்றால் இடமில்லை என்று சொல்லப் பழகுங்கள். அழைத்தவருக்கு அந்த இடத்திலேயே என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுத்தால் அதுவும் உதவிதான்.

வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. "நாய் குளிப்பாட்டவா படிக்க வச்சோம்" என்கிறார்கள்.

வாக்குவாதம் வேண்டாம். ஒருமுறை அப்பாவையோ அம்மாவையோ காப்பகத்துக்குக் கூட்டி வாருங்கள். கூடவே இந்த வேலையின் வரவு செலவை ஆறு மாதத்துக்குக் கணக்கு எழுதிக் காட்டுங்கள். பெரும்பாலான பெற்றோருக்கு நாய்மேல் வெறுப்பில்லை, பிள்ளை கஷ்டப்படுமே என்ற கவலைதான்.

எனக்கு நாற்பது வயது, வேறு வேலையில் இருக்கிறேன். எங்கே தொடங்குவது?

வேலையை விட வேண்டாம். முதலில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்திலிருக்கும் காப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை, கழுவும் நேரத்துக்குப் போங்கள். சாயங்காலம் விளையாடும் நேரத்துக்குப் போனால் வேலையின் நிஜ முகம் தெரியாது. மூன்று மாதம் தவறாமல் போன பிறகு உங்களுக்கே தெரிந்துவிடும், கை மருந்துப் பக்கம் போகிறதா, பயந்த நாயிடம் போகிறதா, கணக்குப் புத்தகத்திடம் போகிறதா என்று. கணக்கும் நிர்வாகமும் தெரிந்தவர்களை யாரும் கொண்டாடுவதில்லை, ஆனால் பல காப்பகங்கள் மூடியது நாய்மேல் பாசம் குறைந்ததால் இல்லை, ரசீதும் தணிக்கையும் ஒழுங்காக இல்லாததால். இருபது வருடம் அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர் வந்தால் நாங்கள் நாற்காலி போட்டு உட்கார வைப்போம். வரும்போது பழைய பெட்ஷீட்டும் செய்தித்தாளும் இருந்தால் கொண்டு வாருங்கள், எவ்வளவு வந்தாலும் பத்தாது.